முள் அசையவில்லை

வெள்ளி, இரவு

மழைக்காலம் ஓய்ந்து வெயில் வந்துவிட்டது. புல்லட்டின் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்தேன். 350 சிசி, காஸ்ட் அயர்ன் இன்ஜின், பாயின்ட் வைத்த பழைய வண்டி. இந்தத் திருவொற்றியூரிலேயே செய்தது. டீகம்ப்ரஷரைப் பிடித்து பிஸ்டனைப் பதம் பார்த்து உதைத்தேன். பெட்ரோல் வாடை வந்தது. ஒரு வெடிப்புகூட இல்லை. இருட்டிவிட்டதால் விட்டுவிட்டேன்.

சனி, காலை

புல்லட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன், கிக்கர் சத்தம் கேட்டு வந்தார். "தம்பி, ஒதைக்கிறத நிறுத்து. முள்ளப் பாரு."

விளக்கு மூடிக்கு மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரைச் சொன்னார். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். புல்லட்காரர்கள் உதைக்கும் இடத்தையே இதை வைத்துத்தான் பிடிப்பார்கள். இன்று முள் நட்டநடுவில் கிடந்தது. எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. ஆனால் ஹாரன் முழுத் தொண்டையில் அடித்தது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது.

பிளக்கைக் கழற்றினால் நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, கரண்ட் வரவில்லை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நின்றுபோன வண்டி என்றதும் கார்பரேட்டரை அவிழ்க்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பிளக்கைக் கேட்டால் அது சொல்லிவிடும்.

சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் உருண்டை மூடியைத் திறந்தோம். பாயின்ட்டின் இரு முகங்களிலும் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. கடல் காற்றும் மழை ஈரமும் படிந்த இடத்தில், ஓடாமல் நிற்கும் வண்டிக்கு வருவதுதான் இது. அந்த மெல்லிய பூப்பே கரண்ட்டைத் தடுக்கப் போதும். நைஸான உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு லேசாக இழுத்தார் அண்ணன். பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்தாள், அது கறைபடாமல் வரும்வரை. உப்புத்தாளின் பொடி உள்ளே தங்கினால் செய்ததெல்லாம் வீண். பாயின்ட் முழுதும் திறந்த நிலையில் ஃபீலர் கேஜை வைத்து இடைவெளி பார்த்தோம்: 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தியதும் முள் இடப்பக்கம் சாய்ந்தது. அந்தச் சின்ன அசைவைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது! பிளக்கை ஹெட்டின் உலோகத்தில் படும்படி வைத்து உதைத்தால் நீலமாகப் பொறி. பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும், உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்.

சனி, மாலை

பெட்ரோலை அடைத்து, த்ராட்டிலை முழுக்கத் திருகி, டீகம்ப்ரஷரைப் பிடித்தபடி உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றினேன். பிறகு முறையாக உதைத்ததும் பிடித்துக்கொண்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது, ஐடிலில் நிற்கவில்லை.

இது வேறு கோளாறு. மாதக்கணக்கில் கார்பரேட்டர் கிண்ணத்தில் கிடந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுப் போயிருக்கும். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நின்ற வண்டிக்கு அது இரட்டைச் சுமை.

ஞாயிறு

ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைக் கழற்றினோம். துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே எதுவும் தெரியவில்லை. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிக் கலவை கெட்டுவிடும், அதனால் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தோம். மறுபடி பிடித்துப் பார்த்தபோது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. மாட்டி உதைத்தேன். சோக் இல்லாமலே நிதானமாக நின்று அடித்தது.

எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றிவிடச் சொல்கிறார்கள். அதில் நன்மை உண்டு, பராமரிப்பு குறையும். ஆனால் அந்தப் பெட்டி போனால் தூக்கிப் போட்டு வேறு வாங்குவதுதான் வழி. பாயின்ட் தன் நோயைக் கண்ணுக்குக் காட்டுகிறது. சரிசெய்ய ஒரு துண்டுத் தாளும் ஒரு திருப்புளியும் போதும். கையால் பழுதுபார்க்க முடிகிற வண்டியை நான் விடுவதாக இல்லை.

நேற்றுப் பார்த்தபோது பாயின்ட்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் லேசாகத் தெரிந்தன. கண்டென்சர் தளர்கிறது என்று அர்த்தம். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போய் நல்லதாக ஒன்று வாங்க வேண்டும்; கூடவே எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் டியூபும். அடுத்த மழைக்கு வண்டியை மூடும் முன் பெட்ரோலை அடைத்து, கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவேன்.