முகத்துல களையே இல்லையே!

ஊருக்குப் போனா முதல் கேள்வி "எப்ப வந்தே?", அடுத்தது "எப்பக் கிளம்பறே?" இதுதானே நமக்கெல்லாம் வழக்கம்? எனக்கு மட்டும் ரெண்டு வருஷமா வேற கேள்வி. "சுகர் ஜாஸ்தியா?" கொஞ்சம் நெருங்கின சொந்தம்னா குரலைத் தாழ்த்தி, "என்கிட்டச் சொல்லு கண்ணு, வேற எதாச்சுமா?"

ஒண்ணுமில்லைங்க. 158 செ.மீ உயரத்துக்கு 108 கிலோ இருந்தேன். 2023 செப்டம்பர்ல இரைப்பையைக் குறுக்கற ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இப்ப 69. சுகர் மாத்திரை நின்னு போச்சு. மூணு மாடி மூச்சு வாங்காம ஏறறேன். ஆனா யாரும் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்கறதில்லையே, முகத்தைத்தான் பார்க்கறாங்க. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழ பள்ளம் விழுந்து, தாடைக்குக் கீழ தோல் தொங்குது. இங்க ஔந்த்லயும் அதே கதைதான். கிளைக்கு வர்ற பெரியவர் ஒருத்தர் வாராவாரம் "தப்யேத் பரி ஆஹே நா, மேடம்?"னு அக்கறையா விசாரிக்கிறார்.

மத்தவங்களைச் சிரிச்சு சமாளிச்சிடலாம். அம்மா விஷயம் அப்படி இல்லை. கரூர்ல இருக்காங்க, வயசு 74. நான் எதையோ மறைக்கறேன்னு முடிவே பண்ணிட்டாங்க. பழனிக்கு வேண்டுதல் வேற. "பத்து கிலோ ஏத்திக்கோ, முகம் தெளிஞ்சுடும்"னு தினமும் ராத்திரி போன். ஏத்தினா முகத்தோட சுகரும் சேர்ந்துல்ல திரும்பி வரும்? அதனாலதான் இந்த முக விஷயத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து படிச்சேன், ரெண்டு டாக்டர்களையும் பார்த்தேன்.

முகத்துல இருக்கற கொழுப்பு ஒரே விரிப்பா இல்லையாம், தனித்தனி அறைகளா இருக்காம். அமெரிக்காவுல டாலஸ் நகரத்துல ரோரிச், பெஸ்ஸா ரெண்டு பேரும் இறந்தவங்களோட முகத்துல சாயம் ஏத்திப் பார்த்து 2007ல எழுதினாங்க. எடை குறைஞ்சா இந்த அறைகள் வத்திப் போகும். இருபது வயசுன்னா தோல் ஓரளவு சுருங்கிக்கும். நாப்பதைத் தாண்டினா கொலாஜன், எலாஸ்டின் எல்லாம் குறைஞ்சிருக்கும், தோல் அப்படியே நிக்கும். பஞ்சை எடுத்த தலையணை மாதிரி, உறை மட்டும் பழைய அளவுல.

மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் 2025ல இங்க விற்பனைக்கு வந்ததுலேர்ந்து "ஒஸெம்பிக் முகம்"ங்கற வார்த்தை அடிபடுது. ஏதோ மருந்து நேரா போய்க் கன்னத்தைத் தின்னுடுதுன்னு நினைக்கறாங்க. அப்படி இல்லை. ஊசியோ, ஆபரேஷனோ, பட்டினியோ, நிறைய எடை வேகமா குறைஞ்சா இந்த முகம்தான்.

இங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். பள்ளம் வேற, தொங்கல் வேற. பள்ளத்தை நிரப்பணும், தொங்கலைத் தூக்கணும். தொங்கலுக்கும் சேர்த்து நிரப்பிக்கிட்டே போனா முகம் வீங்கின பூரி மாதிரி ஆயிடும். பரிஹார் சௌக்லேர்ந்து சும்மா நடந்து பாருங்க, எத்தனை தோல் கிளினிக் போர்டு! அண்ணி வேற, "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு ஊசி போட்டுக்கோயேன்"ங்கறாங்க (அண்ணன் பொண்ணுக்குத் தையில கல்யாணம்). நான் பார்த்த முதல் இடத்துல என் எடை நிலையா இருக்கான்னுகூடக் கேட்கலை, நேரா பேக்கேஜ் கார்டை நீட்டிட்டாங்க. எழுந்து வந்துட்டேன்.

ஃபில்லர்னு சொல்றது பெரும்பாலும் ஹையலுரோனிக் ஆசிட் ஜெல். ஆறு மாசத்துலேர்ந்து ஒண்ணரை வருஷம் வரைக்கும் நிக்கும், அப்புறம் மறுபடி போடணும். பிடிக்கலைன்னா ஹையலுரோனிடேஸ் போட்டுக் கரைச்சிடலாம். தப்பித் தவறி ரத்தக் குழாய்க்குள்ள போயிட்டா தோல் அழுகலாம், அபூர்வமா பார்வையே போகலாம். அதனால அந்தக் கரைக்கற மருந்து கிளினிக்ல தயாரா இருக்கான்னு முதல்ல கேளுங்க. முழிச்சாங்கன்னா கிளம்பிடுங்க. கொலாஜனைத் தூண்டற பாலி லாக்டிக் ஆசிட் ஊசி இன்னொரு வகை. அதை 2004ல அமெரிக்காவுல முதல்ல அனுமதிச்சதே அழகுக்காக இல்லை, எச்ஐவி இருந்து கன்னம் ஒட்டிப் போனவங்களுக்காக. ஊர்ல யாராவது பார்த்து "என்ன நோய்?"னு கேட்டுடுவாங்களோங்கற அந்தப் பயம் எனக்கு நல்லாவே புரியுது.

போடாக்ஸ் தசை சுருங்கறதால வர்ற கோட்டுக்கு, தொங்கலுக்கு இல்லை. நூல் போட்டு இழுக்கறது ரொம்ப நாள் நிக்காது. கருவி வெச்சுச் சூடு காட்டறது லேசான தளர்ச்சிக்குச் சரி, நாப்பது கிலோ இறங்கின தோலுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மிச்சம் இருக்கறது ஆபரேஷன். காதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுப் பின்னாடி வரைக்கும் வெட்டு. தோலை மட்டும் இழுத்துத் தைச்சா சீக்கிரம் தளர்ந்துடும், முகமும் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும். அதனால தோலுக்கு அடியில இருக்கற ஒரு படலத்தையும் தூக்கித் தைக்கறாங்க (பிரான்ஸ்ல மிட்ஸ், பெய்ரோனி ரெண்டு பேரும் 1976ல விவரிச்சது). கூடவே வயித்துலயோ தொடையிலயோ கொழுப்பை எடுத்துக் கன்னத்துல வைக்கலாம். வெச்சதுல ஒரு பங்கு கரைஞ்சு போகும். நின்னது நிஜக் கொழுப்பா இருக்கும், எடை ஏறினா அதுவும் பெருக்கும், இறங்கினா வத்தும். அதனாலதான் எடை குறைஞ்சது ஆறு மாசமாவது அசையாம நிக்கணும்னு நான் பார்த்த ரெண்டாவது டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன், முதல் கேள்வியா அதைக் கேட்டார். அடுத்து புரதம், இரும்புச்சத்து, பி12. இரைப்பை சின்னதானவங்களுக்கு இதெல்லாம் குறைவா இருக்கும், அப்படியிருந்தா காயம் ஆறாது. தோலுக்கு அடியில ரத்தம் கட்டலாம், முக நரம்பு கொஞ்ச நாள் சோர்ந்து போகலாம்னும் ஒளிக்காமச் சொன்னார். வீக்கமும் கன்னலும் ரெண்டு மூணு வாரம்.

சரி, நம்ம தொழிலுக்கு வருவோம், பணம். எடை குறைப்பு ஆபரேஷனுக்கு பாலிசி கை கொடுக்கும். பிஎம்ஐ 40, இல்லை 35ம் கூடவே தீவிர நோயும் இருந்தா, டாக்டர் பரிந்துரையோட. எனக்கு 43 இருந்தது, பில் பாஸ் ஆச்சு. முகத்துக்கு? அழகு சிகிச்சைன்னு தள்ளிடுவாங்க. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு அப்புறம் சீரமைக்கறதுன்னாதான் உண்டு. ஜிஎஸ்டியும் இதே கணக்கு. வைத்தியத்துக்கு வரி இல்லை, அழகு ஆபரேஷனுக்கு 18 சதவீதம். ரெண்டு லட்ச ரூபாய் பில்லுன்னா 36,000 வரி மட்டும்!

இந்த இடத்துல இந்த ஊர்க் கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். 1792ல ஆங்கிலேயப் படையில மாட்டு வண்டி ஓட்டின காவஸ்ஜிங்கற மராட்டியர், திப்பு ஆட்களிடம் மாட்டி மூக்கை இழந்தார். புனே பக்கத்துல குயவர், செங்கல்காரர் இனத்து வைத்தியர் ஒருத்தர் நெத்தித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு வெச்சார். லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின்ல 1794ல படத்தோட வந்து, அதைப் படிச்சுதான் கார்ப்யூ 1814ல இங்கிலாந்துல செஞ்சு பார்த்தார். இன்னைக்கு ஐரோப்பா பூரா இருக்கற முக ஆபரேஷனுக்கு ஒரு வேர் இங்க இருக்கு. காவஸ்ஜிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, எனக்குக் கிடையாது. நோய் வராம இருக்க எடையைக் குறைச்சதால வந்த தோல் இது, வெட்டுக் காயம் இல்லை, சரி. ஆனா அலங்காரமும் இல்லையே. கழுத்து மடிப்புல வேனல்ல புண்ணு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன்.

ரங்கமணி, "எனக்கு நீ எப்படி இருந்தாலும் சரி"ன்னு பாதுகாப்பா ஒதுங்கிட்டார். எனக்கோ அம்மாவோட பயம் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். ஒன்பது மாசமா எடை 69லேயே நிக்குது. முடிவு பண்ணிட்டேன். கல்யாணத்துக்கு இந்த முகத்தோடதான் போவேன், ஊசி இல்லை. மார்ச் க்ளோசிங் முடியட்டும், ஏப்ரல்ல தாடை, கழுத்துத் தூக்கல், கொஞ்சம் கொழுப்பு. அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லி, அந்த ரெண்டு வாரம் இங்க வந்து இருக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அழகுக்கா ஆபரேஷன் பண்ணுவாங்க? அப்ப நிஜமாவே உனக்கு ஒண்ணும் இல்லியாடி?"ன்னாங்க. ரிப்போர்ட்டால ஆகாதது இதால ஆச்சு.

கடைசியா, எடை குறைச்ச மக்களுக்கு கவுண்ட்டர்லேர்ந்து ஒரு வார்த்தை. பழைய போட்டோவுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லாம வந்து நிக்கறவங்களை நாங்க நிறையப் பார்க்கறோம். ஆதார் போட்டோவை ஆன்லைன்ல மாத்த முடியாது, மையத்துக்கு நேர்ல போகணும். பேங்க்லயும் புது போட்டோ கொடுத்துடுங்க. ஆபரேஷன் பண்ணிக்கறதா இருந்தா வீக்கம் வடிஞ்ச அப்புறம் போங்க, இல்லைன்னா ரெண்டு தடவை அலையணும்.