அமுதமும் நஞ்சாகும்

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பர் பெரியோர். ஆனால் அளவுக்கு மிஞ்சாமலே, ஒரு வாய் உணவுகூடச் சிலருக்கு நஞ்சாகிவிடுகிறது. இதனை ஒவ்வாமை அல்லது அலர்ஜி என்கிறோம். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே உருவாக்கினார்.

நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் சக்தி ஒன்று உண்டு. அது நல்ல உணவையே பகையென்று எண்ணிப் போர் தொடுப்பதுதான் ஒவ்வாமை. தோல் தடித்து அரிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். மூச்சுத் திணறினால் உயிருக்கே ஆபத்து. பால், முட்டை, வேர்க்கடலை, மீன், இறால் முதலியவை பலருக்கு ஒவ்வாதவை.

கடலும் உப்பளமும் சூழ்ந்த எங்கள் மரக்காணத்தில் இறால் இல்லாத விருந்து ஏது? என் தம்பிக்கோ இறால் ஆகாது. "கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாதா? எல்லாம் நீ கொடுக்கும் செல்லம்!" என்று உறவினர் அம்மாவைக் கடிந்துகொள்வர். ஒரு திருவிழா விருந்தில், "கொஞ்சம் தின்றால் பழகிவிடும்" என்று பெரியம்மா ஒருவர் அன்பாக ஊட்டிவிட்டார். சற்று நேரத்தில் தம்பியின் முகம் வீங்கியது, மூச்சு இரைத்தது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் ஊசி போட்டபின்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

பெரியம்மா நம்பாததில் வியப்பில்லை. நம் பக்கம் இது அபூர்வம். பெங்களூர், மைசூர் பள்ளிச் சிறுவர்களிடையே நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் ஆயிரத்தில் ஓரிருவரே என்று அது கூறியது. அதே ஆய்வின்படி ஹாங்காங்கில் ஆயிரத்துக்குப் பதினைந்து பேர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலோ ஒரு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு ஒவ்வாமை இருப்பதை 2011-இல் கண்டனர்.

"பழகிவிடும்" என்பதும் முழுப் பொய்யன்று. ஒவ்வாமை வரக்கூடிய கைக்குழந்தைகளுக்கு லண்டனில் மருத்துவர் மேற்பார்வையில் வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கடலை ஒவ்வாமை வரவேயில்லை என 2015-இல் தெரிந்தது. ஆனால் அது வருமுன் காப்பது. வந்தபின் நாமே ஊட்டிப் பார்ப்பது விபரீதம்.

அன்புத் தோழியரே, மதிய வேளையில் பகிர்ந்துண்பது நம் நல்ல வழக்கம். பகிருமுன், "உனக்கு இது ஒத்துக்கொள்ளுமா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். "வேண்டாம்" என்பவளைக் கேலி செய்யாமல், வற்புறுத்தாமல், அவள் சொல்லை நம்புவோம். ஆயிரத்தில் ஒருத்தியாயினும் அவளும் ஒரு தாயின் செல்வமன்றோ!