ராக்கெட் நாளில் கடல் கிடையாது

பழவேற்காட்டுக் கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக ஏறிக் கிடந்தன. புயல் எச்சரிக்கை ஏதும் இல்லை. "நாளைக்கு ராக்கெட்டுங்க. கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார், வலையில் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தவர். போவது கடலைப் பார்க்கிற செயற்கைக்கோள் என்றேன். "எங்களை வீட்ல உக்கார வச்சுட்டு அது போய்ப் பாக்குதா?" என்று சிரித்துவிட்டுத் தன் நம்பரைக் கொடுத்தார்.

மறுநாள், 2022 நவம்பர் 26. புறநகர் ரயிலில் சூலூர்பேட்டை வரை போய், அங்கிருந்து பஸ். பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகிற சாலையில் இருபுறமும் தண்ணீர், தூரத்தில் பூநாரைக் கூட்டம். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா.

பார்வையாளர் மாடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல். என் பக்கத்தில் எழுபதைத் தொட்ட ஒரு பெரியவர், மடியில் தூக்குச்சட்டியோடு. திட எரிபொருள் ஆலையில் ஊழியராக இருந்து ஓய்வுபெற்றவர். அன்றைக்குப் புறப்படவிருந்த பி.எஸ்.எல்.வி. என்றால் நமக்கு 44 மீட்டர் உயர ராக்கெட். அவருக்கு அதன் அடிப்பகுதி மட்டும்தான் ராக்கெட்: ஐந்து துண்டாக வார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, 139 டன் எரிபொருள் கொண்ட முதல் நிலை.

"மாவு பிசையிற வேலைதான் தம்பி" என்றார். அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், பிசின் போன்ற ஒரு ரப்பர். மூன்றையும் பெரிய மிக்ஸரில் கலப்பார்கள். மிக்ஸர் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது, தள்ளியிருக்கும் அறையிலிருந்துதான் இயக்குவார்கள். கூழைக் கூட்டில் ஊற்றி, நாள்கணக்கில் பதமான சூட்டில் வைத்தால் இறுகிவிடும். இறுகியது எப்படி இருக்கும் என்றேன். எதிரே இருந்த சிறுமியின் பென்சில் பெட்டியிலிருந்து அழிரப்பரைக் கேட்டு வாங்கி, நகத்தால் அழுத்திக் காட்டினார். "இதே பதம். உள்ளே ஒரு வெடிப்போ காற்றுக்குமிழோ இருந்தா, தீ அங்கேயும் புகுந்து ஒரே நேரத்துல நிறைய எரிஞ்சிடும், கூடு தாங்காது." அதனால் ஒவ்வொரு துண்டையும் எக்ஸ்ரே எடுப்பார்களாம்.

உடம்பில் சேரும் மின்னூட்டம் ஒரு பொறி விட்டாலும் போச்சு. பருத்தி உடை, உள்ளே நுழையுமுன் உலோகத் தட்டைத் தொடுவது எல்லாம் அதற்காக. இன்றைக்கும் வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் முன் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் போவாராம். 2004 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏற்பட்ட தீயில் ஆறு பேர் இறந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டேன். செல்போனை எடுத்து மணி பார்த்தார், பேச்சை மாற்றினார்.

11:56. மரங்களுக்கு மேலே முதலில் வெளிச்சம்தான் வந்தது. சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்த நெருப்பின் பின்னால், பல விநாடி கழித்து நெஞ்சுக்கூட்டை அதிரவைத்தபடி வந்தது இரைச்சல். பிள்ளைகள் கத்தினார்கள். பெரியவர் கத்தவில்லை, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வந்ததும், "ரெண்டு சைடு மோட்டார் இப்பதான் பத்தும்" என்றார். பக்கவாட்டு மோட்டார் ஆறில் நான்கு தரையிலேயே பற்றிக்கொள்ளும், மிச்சம் இரண்டு வானத்தில். இரண்டு நிமிடத்துக்குள் முதல் நிலை எரிந்து முடிந்து கழன்றதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. அவர் உட்கார்ந்தார். தூக்குச்சட்டியைத் திறந்தார். தயிர்சாதம். "எங்க வேலை முடிஞ்சுது. இனிமே மத்தவங்க பாத்துக்குவாங்க."

மத்தவங்களுக்கு வேலை நிறைய இருந்தது. துருவப் பாதைக்கு நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வரும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், அப்புறம்தான் தெற்கே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்கே எரிபொருள் செலவாகிறது. சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்குக் குலசேகரன்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே வெறும் கடல்.

பதினேழு நிமிடம் போல ஆகியிருக்கும், ஏறத்தாழ 742 கி.மீ. உயரத்தில் கடலைப் பார்க்கிற அந்தச் செயற்கைக்கோள், இ.ஓ.எஸ்.-06, பிரிந்தது. எடை 1,117 கிலோ. கூடவே போன எட்டு சிறு செயற்கைக்கோள்களை வேறு உயரத்தில் விட இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதற்குள் மாடம் காலியாகிவிட்டது. உச்சிவேளையில் ஏவியதும் காரணத்தோடுதான். நண்பகல் வெயில் கடல்மேல் விழும் நேரத்தில் அது பூமியின் பகல் பக்கத்தைக் கடக்க வேண்டும். அதிலுள்ள கருவி கடலின் நிறத்தைப் பதின்மூன்று அலைவரிசையில் பார்க்கும். நுண்பாசி அடர்ந்த இடம் பச்சையாகத் தெரியும். பாசியைத் தேடிச் சின்ன மீன், அதைத் தேடிப் பெரிய மீன். ஹைதராபாத்திலுள்ள இன்கோயிஸ் நிறுவனம் இப்படிப்பட்ட தரவிலிருந்துதான் மீன் கிடைக்கக்கூடிய இடங்களைக் குறித்து மீனவர்களுக்கு அனுப்புகிறது.

ராத்திரி பழவேற்காட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுநாள் காலை அவரே கூப்பிட்டார், கடலுக்குப் போய்விட்டு அப்போதுதான் கரையேறினாராம்.

"கொஞ்சம் சூடை, நாலு நண்டு. டீசல் காசு கூட வரல சார்."