ரெண்டு பீப்புக்குத் தொடாதீங்க அப்பா



ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. "சார், இங்கிலாந்து போயிட்டு வந்து ஒண்ணுமே எழுதலையே" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். லண்டன் பாலத்தைப் பற்றியும் அரண்மனையைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு கெண்டை மீனைப் பற்றி எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வீராணம் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தூண்டில் புதிதல்ல. மூங்கில் குச்சி, நெட்டித் தக்கை, மண்புழு. தக்கை லேசாக ஆடினால் போதும், வெடுக்கென்று இழுக்க வேண்டும். வடவாற்றில் நான் கற்ற ஒரே வித்தை அதுதான். பத்துக்கு எட்டு தடவை வெறும் முள்தான் வரும். மிச்சம் இரண்டில் விரல் நீளக் கெளுத்தி வரும். அதற்கே வீட்டில் பெரிய வரவேற்பு.

பெரியவன் ரெடிங் நகரில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பக்கமெல்லாம் சரளைக்கல் வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் ஊறி ஏரிகளாக நிற்கின்றன. அவற்றில் கெண்டை வளர்க்கிறார்கள். சாதாக் கெண்டை என்று நம் மீன்வளத்துறை சொல்கிறதே, அதே இனம்தான். பிடிப்பார்கள், எடை போடுவார்கள், படம் எடுப்பார்கள், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். என் வீட்டம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எதுக்குப் போறாங்களாம்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

செப்டம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. "அப்பா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன், வாங்க" என்றான். "வேலை?" என்றேன். "லீவு மிச்சம் இருக்குப்பா" என்றான். நானும் நம்பினேன். முப்பத்து நாலு வருடம் பசங்க சொன்ன வயிற்றுவலியையும் பாட்டி சாவையும் எடை போட்டவன், பெற்ற பிள்ளை சொன்னதை நம்பிவிட்டேன்.

முதல் நாள் இரவே சமையல்கட்டு மேசையில் அவன் தூண்டில் கட்டினான். உயிரியல் வாத்தியார் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அதிசயம் என்னவென்றால், இரையை முள்ளில் குத்தவே இல்லை. முள்ளின் பின்புறமிருந்து தலைமுடி போல ஒரு மெல்லிய நூல் தொங்குகிறது. இரை அந்த நூலில். முள் வெறுமனே கிடக்கிறது. இதற்கு 'ஹேர் ரிக்' என்று பெயர். 1970களின் கடைசியில் லென்னி மிடில்டன், கெவின் மாடாக்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்தது. முதலில் நிஜத் தலைமுடியையே கட்டிப் பார்த்தார்களாம்.

ஏன் இப்படி என்று யோசித்தால், நான் பாடத்தில் நடத்தியதுதான். கெண்டைக்கு வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள்தான் அரைக்கும் பற்கள். கடிக்காது, உறிஞ்சும். வாயில் வைத்துச் சோதித்து, சந்தேகம் வந்தால் ஊதித் துப்பிவிடும். முள்ளில் குத்திய இரை கனமாக, விறைப்பாக இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். முடியில் தொங்கும் இரையோ இயல்பாக உள்ளே போகும். துப்பும்போது முள் கீழுதட்டில் பதியும். நூலில் அறுபது, எழுபது கிராம் ஈயக்குண்டு இருப்பதால், பயந்து ஓடுகிற மீன் தன்னைத்தானே மாட்டிக்கொள்ளும். நாம் இழுக்கவே வேண்டாம். எனக்கு இதுதான் புரியாமல் போயிற்று. பின்னால் சொல்கிறேன்.

இரைக்கு 'பாய்லி' என்று ஒரு உருண்டை. ரவை, சோயா மாவு, மீன் தூள், முட்டை எல்லாம் பிசைந்து, கோலிகுண்டு அளவுக்கு உருட்டி, கொதிநீரில் போட்டு எடுப்பது. நம் ஊர் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெரிய மீன் வேண்டுமென்றால் இப்படிக் கெட்டியான இரைதான் வேண்டும். மக்காச்சோள முத்தும் கெண்டைக்குப் பிடிக்கும்தான். ஆனால் பெரியது வருவதற்குள் பொடிமீன்கள் தின்று தீர்த்துவிடும். இன்னொரு நல்ல இரை கொண்டைக்கடலை! ராத்திரி முழுக்க ஊறவைத்து, நன்றாக வேகவைத்துத்தான் போட வேண்டும். வேகாத பருப்பு மீனின் குடலுக்குள் போய் உப்பிவிடும். மருமகள் சுண்டலுக்கு வைத்திருந்ததில் ஒரு டப்பா எங்களுக்குப் போனது. "மாமா, தாளிக்கணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றோம்.

ஏரிக்குப் போனதும் தூண்டிலைப் போடுவான் என்று பார்த்தேன். போடவில்லை. முக்கால் மணி நேரம் சும்மா கரையைச் சுற்றினான். மற்றவர்கள் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். இவன் என்னைத் தூர மூலைக்கு நடத்திக்கொண்டு போனான். "ரெண்டு நாளா தென்மேற்குக் காத்து அடிக்குதுப்பா. அது இந்த மூலைக்குத் தண்ணியையும் தீனியையும் தள்ளியிருக்கும். அங்க பாருங்க" என்றான். நாணல் ஓரத்தில் குமிழிகள் வரிசையாக வந்தன. தண்ணீர் கலங்கலாக இருந்தது. அடியில் மண்ணைக் கிளறி மேய்கிறது. மீன் இருக்கும் இடத்தில் மட்டமான தூண்டில் போட்டாலும் பிடிக்கலாம், இல்லாத இடத்தில் தங்கத் தூண்டில் போட்டாலும் பிடிக்க முடியாது என்றான். பெரியவை நடு ஏரியில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தியிலும் விடியலிலும் கரையை ஒட்டி ஓரமாகத்தான் சுற்றி வருமாம்.

இரையும் அள்ளிக் கொட்டவில்லை. இரண்டு கைப்பிடி. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போய்விடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். நிறையக் கொட்டினால் நம் உருண்டை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். முள்ளின் கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தான். வழுக்கினால் மாற்ற வேண்டும், நகத்தில் பிடித்துக்கொண்டால் நல்லது.

"மெதுவா நடங்க" என்று இரண்டு தடவை சொன்னான். எனக்குக் கொஞ்சம் ரோஷமாக இருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. கெண்டையின் காற்றுப்பையிலிருந்து உட்காதுக்குச் சின்ன எலும்புகளின் தொடர் ஒன்று போகிறது. வெபேரியன் எலும்புகள் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! கரையில் செருப்புச் சத்தம் கேட்டாலும் அதற்குத் தெரியும். பாடம் நடத்தினவன் தடதடவென்று நடக்கிறேன். கேட்டவன் பூனை மாதிரி நடக்கிறான்.

தக்கைக்குப் பதிலாக மின்சார மணி. நூல் நகர்ந்தால் பீப் அடிக்கும். மாலை ஆறு மணி இருக்கும். பீப் பீப் என்று இரண்டு தடவை அடித்தது. நான் பாய்ந்துபோய்க் கம்பைப் பிடித்து, வடவாறு பாணியில் ஒரு வெடுக்! ஒன்றும் இல்லை. நாணல் ஓரத்தில் நாலைந்து இடத்தில் தண்ணீர் அலைந்து அடங்கியது. குமிழி நின்றுபோனது.

அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. "ரெண்டு பீப்புக்குத் தொடாதீங்க அப்பா. மீன் நூல்ல உரசிட்டுப் போகுது, அவ்ளோதான். இன்னும் வாயிலயே எடுக்கல. அதுக்குள்ள இழுத்தா எல்லாமே ஓடிடும். எடுத்தா நிக்காம அடிக்கும். அப்பத் தூக்குனா போதும்." நூலைத் தளர்த்தி, தரையோடு படியும்படி மறுபடி போட்டுக் கொடுத்தான்.

இருட்டிய பிறகு கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. என் பிள்ளைகள் நான் வேலை பார்த்த பள்ளியிலேயே படித்தார்கள். பள்ளியில் எனக்கு 'சார்', வீட்டுக்கு வந்தால் 'அப்பா'. உண்மையைச் சொன்னால் வீட்டிலும் நான் சார்தான். அதனால் மௌனம் எங்களுக்குப் புதிதில்லை. நேரத்தைப் போக்க அவன் ஒரு கதை சொன்னான். பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிக்கவே முடியாது என்று அங்கே வெகுகாலம் நம்பினார்களாம். 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மையர் என்ற சின்னக் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். ஏறக்குறைய இருபது கிலோ. அதை லண்டன் மிருகக்காட்சி சாலையில் தொட்டியில் விட்டு வளர்த்தார்கள். இந்த மின்சார மணியை முதலில் செய்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

கதை முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"என்னடா, பணப் பிரச்சினையா? வீட்டுக் கடனா? அவளுக்கும் உனக்கும் ஏதாவதா?"

ஒரே மூச்சில் மூன்று கேள்வி. அவன் தண்ணீரைப் பார்த்தான். "ஒண்ணுமில்லப்பா. தூங்குங்க" என்றான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ப்ளஸ் ஒன் சேரும்போது உயிரியல் பிரிவு வேண்டாம் என்று சொல்ல வந்தான். "அப்பா, நான் வந்து..." என்பதற்குள் நான் முடிவு சொல்லிவிட்டேன். கல்லூரியில் ஒரு பாடத்தில் தவறியதை அவன் அம்மாவிடம்தான் சொன்னான், என்னிடம் இல்லை. வகுப்பிலும் அப்படித்தானே? எழுந்து நின்று திக்கிக்கொண்டிருப்பவன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கி நானே விடை சொல்லி, "உட்காரு" என்பேன். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். எனக்கும் அன்று இரவு வரிசையாக நினைவுக்கு வந்தது.

விடியற்காலை நாலே முக்கால். மணி அடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன். நிற்கவில்லை. அலறிக்கொண்டே இருந்தது. "தூக்குங்கப்பா!" என்றான். தூக்கினேன். மறுமுனையில் யாரோ என்னை ஏரிக்குள் வா என்று கூப்பிடுவதுபோல் இருந்தது. "பிடிச்சு நிறுத்தாதீங்க, ஓடட்டும். கம்பு நுனி மேலயே இருக்கட்டும். அது நிக்கும்போது மட்டும் சுத்துங்க." இருபது நிமிடம். என் முழங்கை நடுங்கியது. இரண்டு தடவை வலைக்குப் பக்கம் வந்து, மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை அவன் வலைக்குள் எடுத்துவிட்டான்.

ஈரமான மெத்தை விரிப்பில் கிடத்தி, கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்தான். வாயில் ஏற்பட்ட காயத்துக்கு மருந்து தொட்டு வைத்தான். 22 பவுண்டு 6 அவுன்சு. பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வாயோரம் நான்கு மீசை, பித்தளைக் குடம் போல உடம்பு. முட்டி போட்டுத் தரைக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தான், நழுவினாலும் அடிபடாமல் இருக்க. பிறகு இருவருமாகத் தண்ணீரில் இறக்கினோம். கொஞ்ச நேரம் கையில் நின்றது. வாலை ஒரு அசை. போய்விட்டது. எதற்குப் போகிறார்கள் என்று கேட்டாளே வீட்டம்மா, அவளுக்கு இப்போது பதில் சொல்வேன். ஆனால் வார்த்தையில் சொல்ல வராது.

தேநீர் போட்டான். குடித்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கோப்பை காலியாகும்போது அவனே சொன்னான்.

"ஜூன் மாசமே வேலை போயிடுச்சுப்பா."

நான் பேசவில்லை. அவன் பேசினான். அரைமணி நேரம் இருக்கும். அவனோடு சேர்த்து ஒரு பிரிவையே மூடிவிட்டார்களாம். எங்களுக்கு மாதம் அனுப்பிய பணம் சேமிப்பிலிருந்து வந்ததாம். நாங்கள் வருவதை ஏன் தள்ளிப்போடவில்லை என்றால், டிக்கெட் போட்டாயிற்று, அம்மா ஆசையாக இருந்தாள். எல்லாவற்றையும் விட ஒன்று சொன்னான். "நீங்க என்னைப் பத்தி ஃபேஸ்புக்ல பெருமையா எழுதினீங்க. நூத்தி எம்பது பேர் வாழ்த்து சொன்னாங்க. அதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எழுதியது நான்தான். மே மாதம், இதே பக்கத்தில். வாழ்த்தியவர்களில் நீங்களும் இருப்பீர்கள்.

"சரிடா" என்றேன். வேறு எதுவும் வரவில்லை. அவன் தோளில் கை வைத்தேன். மீன் வாடை அடித்தது. இரண்டு பேர் மீதும்தான்.

இங்கே ஏரி, குளங்களில் தூண்டில் போடுகிற மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. மேலே சொன்ன தரைத் தூண்டில் மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் பொருந்தும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில் மேய்கிற மீன். அதற்குத் தக்கை போட்டு இரையை உயரத்தில் நிறுத்துங்கள். குத்தகைக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வராதீர்கள், கொக்கு, நாரையின் காலில் சுற்றிக்கொள்ளும்.

பெரியவனுக்கு இதை எழுதும் இன்று வரை வேலை கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் மூன்றாவது சுற்று நேர்முகம் முடிந்திருக்கிறது. யாரும் அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது "ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தால், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். வாத்தியார் தாமதமாகப் படித்த பாடம். வகுப்பில் நான் பேசவிடாமல் உட்காரவைத்த பிள்ளைகள் என்னை மன்னிக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று நேற்று அவனிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. நானும் காத்திருந்தேன்.

"எழுதுங்கப்பா. மீனோட எடையை மட்டும் கூட்டிப் போடாதீங்க" என்றான்.

கூட்டிப் போடவில்லை. 22 பவுண்டு 6 அவுன்சுதான்.