துரை பங்களாப் பாட்டுப்பெட்டி

ஊவா மலைநாட்டில் பழைய சாமான் விற்பவர்களிடம் எந்தப் பொருளைச் சுட்டி விசாரித்தாலும், அது வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து வந்தது என்ற விருத்தாந்தம் தவறாமல் கூடவே வரும். இவ்விதம் வந்த கடிகாரங்களையும் விளக்குகளையும் சாய்வு நாற்காலிகளையும் கூட்டிப் பார்த்தால், அந்தத் துரைமார் தங்கள் பங்களாக்களில் படுத்துறங்க எங்கே இடம் கண்டார்கள் என்ற சந்தேகம் எழத்தான் செய்கிறது. ஆயினும் கதை முழுவதும் கற்பனையன்று. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் வசமாகி, எஞ்சியிருந்த துரைமாரும் சீமைக்குத் திரும்பிய காலத்தில், மெய்யாகவே பல சாமான்கள் கைமாறின. அந்த மெய்யின் நிழலில்தான் பொய்யும் சுகமாகக் குடியிருக்கிறது.

எல்லவில், ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் பிரயாணிகளை நம்பித் திறந்திருக்கும் கடையொன்றில் அண்மையில் ஒரு கிராமபோனைக் கண்டேன். எண்கோணப் பெட்டி, மேலே பளபளக்கும் பெரிய பித்தளைக் குழல், முன்புறத்தில் நாய் பொறித்த பித்தளைத் தகடு. "1905ஆம் வருஷத்துச் சாமான் ஐயா, பெரிய தொரை பாவிச்சது" என்றார் கடைக்காரர், மிகுந்த மரியாதையுடன்.

அந்தத் தகடே எனக்கு முதற் சந்தேகத்தை ஊட்டியது. கிராமபோன் கம்பெனியார் தங்கள் இசைத்தட்டுகளில் 1909 வரையில் பொறித்து வந்தது, இறகு கொண்டு எழுதும் தேவதையின் உருவத்தை. நாய் அந்த இடத்தைப் பிடித்தது அதன் பின்னரே. பெட்டிகளில் இடம்பெற்ற சின்னமும் பெரும்பாலும் மரத்தின்மேல் ஒட்டிப் பதித்த வர்ணச் சித்திரமேயன்றி, இப்படி அச்சில் அடித்த தகடு அன்று. எனினும் தகட்டை யாரேனும் பிற்காலத்தில் ஆணியடித்து வைத்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. வாதத்துக்கு இடமில்லாத பரீட்சை குழலில்தான் இருக்கிறது. ஊசியின் அதிர்வை வாங்கும் சவுண்டு பாக்ஸிலிருந்து குழலின் வாய் வரையில் காற்று செல்லும் பாதை, சிறுகச் சிறுக விரிந்துகொண்டே போக வேண்டும். மின்சாரத்தின் துணையின்றி, அணுவளவு அதிர்வைக் கூடம் நிறைந்த கானமாக்கிய வித்தை அதுவே. இந்தப் பெட்டியிலோ, ஒரே பருமனில் வளைத்த மெல்லிய குழாயொன்று, அகன்ற பித்தளைக் குழலின் அடியில் திடீரென்று போய் முட்டி நின்றது. மேற்பலகையைத் திறக்கச் சொன்னேன். அவ்வளவு பெரிய பெட்டிக்குள், கையில் தூக்கிச் செல்லும் பிற்காலப் பெட்டியொன்றின் சிறிய இயந்திரம் அநாதையைப்போல் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

இத்தகைய பெட்டிகள் இந்தியாவில் ஏராளமாகத் தயாராகி உலகெங்கும் போகின்றன. அவற்றைச் செய்கிறவர்கள் கைத்திறனில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் கண்ணுக்காகச் செய்கிறார்கள், காதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. வேடிக்கை என்னவென்றால், துரைமார் தோட்டங்களை நடத்திவந்த 1920களிலும் 1930களிலும் வெளிக்குழல் வைத்த கிராமபோன் நாகரிகம் குன்றிப் போய்விட்டது. குழல் பெட்டிக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. 1931இல் வெளிவந்த எச்.எம்.வி. 102 என்ற கறுப்புப் பெட்டியைப் போன்றவைதாம் பங்களாவிலும், மின்சாரம் எட்டாத தொழிலாளர் லயத்திலும் சாவி கொடுத்தவுடன் பாடக்கூடியவை. அசல் பெட்டி பயணப்பெட்டி மாதிரி அடக்கமாக இருப்பதால் பிரயாணி அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. போலிக்கே மதிப்பும் விலையும்.

அசல் என்பதை அளவுக்கு மீறி வற்புறுத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிரான்சிஸ் பரோ தீட்டிய அந்தப் புகழ்பெற்ற நாய்ச் சித்திரத்திலேயே, நாய் முதலில் கேட்டுக்கொண்டிருந்தது உருளை சுழலும் போனோகிராபை. 1899இல் அதன்மேல் வர்ணம் பூசி மறைத்து, தட்டுச் சுழலும் கிராமபோனை வரைந்து கொடுத்த பின்னரே கம்பெனியார் படத்தை வாங்கினார்கள். சின்னமே திருத்தப்பட்ட சரக்கு!

பண்டாரவளையில் அன்பர் ஒருவரின் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அவருடைய பாட்டனார், பெரிய கங்காணி, வாங்கியது. அறுந்த ஸ்பிரிங்கைத் தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் ஒட்டவைத்திருக்கிறார்கள். தொலைந்த கைப்பிடிக்குப் பதிலாகத் தோட்டத்துக் கருமான் இரும்பில் ஒன்று அடித்துக் கொடுத்திருக்கிறார். மூடியின் உட்புறத்தில் மூடுபனியின் பூஞ்சணம். கொழும்பிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளர் கைப்பிடியைப் பார்த்தவுடன் இது அசல் இல்லையென்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாராம். பாடுவதற்காகவே பழுது பார்க்கப்பட்ட அந்தப் பெட்டியைவிட அசலான ஒன்றை நான் இந்தப் பிரதேசத்தில் கண்டதில்லை. உடையவருக்கோ விற்கும் உத்தேசமே கிடையாது. பட்டணம் போகிறவர்களிடம், பழைய கடைகளில் ஊசி அகப்பட்டால் ஒரு டப்பா வாங்கி வரும்படி மாத்திரம் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.