வாவிக்கரையில் ஓர் அறிவியல் வகுப்பு

அன்புள்ள கமலா,

ஜப்பானிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் வரும் மாணவர்களையும் உன் ஒன்பதாம் வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து ஆங்கிலத்தில் அறிவியல் நடத்தச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். அவர்கள் வீட்டிலும் ஆங்கிலம் இல்லை, நம் பிள்ளைகள் வீட்டிலும் இல்லை, யார் யாருக்கு எதைப் புரியவைப்பது என்ற உன் கவலை நியாயமானது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதற்குப் பதில் எழுதக் கிடைத்தது நல்லதாயிற்று.

இங்குள்ள வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தின் அடியில், நிலவு காயும் இரவுகளில் நீருக்குள்ளிருந்து ஓர் ஒலி கேட்கும். ஊரார் பாடும்மீன் என்கிறார்கள். நேற்றிரவு தோணியில் போனேன். தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையை என் காதோரம் நீட்டினார். “பேசாம இருங்க புள்ள, கேட்கும்” என்றார். நரம்பை மெல்லச் சுண்டியது போல ஓர் ஒலி வந்தது. துடுப்பை எடுத்ததும் நின்றுவிட்டது.

எவ்வளவு அழகான பௌதிகப் பாடம், பார்! ஒலி நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் 340 மீட்டர்தான். நீரிலிருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது, மற்றதெல்லாம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. மரத்துக்குள் நுழைவது ஒலிக்கு அத்தனை கடினமில்லை. அதனால்தான் துடுப்பு. எந்தப் பாடநூலும் இல்லாமல் இந்த மீனவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள்.

இந்த ஒலியைத் தேடி அயலார் பலர் வந்திருக்கிறார்கள். 1848இல் இங்கே வந்த பிரித்தானியக் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், மீனவர்களிடம்தான் விசாரித்தார். அவர்கள் ‘ஊரி’ என்னும் சிப்பியினத்தைக் காட்டினார்கள். அவர் அந்தத் தமிழ்ப் பெயரையும் சேர்த்துத் தம் ஆங்கில நூலில் எழுதிவைத்தார். 1950களில் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் ஒலியைப் பதிவு செய்தார், இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. எழுப்புவது மீனா, சிப்பியா என்ற கேள்விக்கு இன்னும் முடிவான விடையில்லை. உன் மாணவர்கள் இரு நாட்டாரும் சரிசமமாக நிற்கக்கூடிய கேள்வி அது.

இன்று காலை சிவானந்த வித்தியாலயத்துக்குப் போனேன். விபுலாநந்த அடிகள் 1929இல் தொடங்கிய பள்ளி. அடிகளை நாம் தமிழறிஞராக மட்டுமே அறிந்திருக்கிறோம். வாவியின் தென்புறத்துக் காரைதீவில் 1892இல் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்து, 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். விஞ்ஞானம் முழுவதையும் அயல்மொழியிலேயே கற்ற இந்த மனிதர்தான் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1947இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டுப் பழைய யாழை மீட்கும் நூல். வாவி ஒலியைப் பற்றி ‘நீரரமகளிர்’ என்று பாட்டும் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் கற்ற ஒலியியலைத் தம் ஊர் நீரிலும் தம் மொழியின் இசையிலும் சோதித்துப் பார்த்தவர் அவர். அயல்மொழிக் கல்வி ஒருவருக்குள் உண்மையாகவே செரித்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை, கமலா. இங்கே பிள்ளைகள் உயர்தரம் என்னும் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு வரை தமிழில் விஞ்ஞானம் படிக்கிறார்கள். 2001 முதல் உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலும் படிக்கலாம், ஆனால் ஆசிரியர் இருக்கும் பள்ளியில்தானே அது நடக்கும்? படுவான்கரையிலிருந்து மருத்துவமோ பொறியியலோ படிக்கப் போகிற பிள்ளை ஒரே பாய்ச்சலில் ஆங்கில விரிவுரைக்குள் விழுகிறது. மலேசியாவில் 2003இல் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாவற்றிலும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அதைக் கைவிடுவதாக அரசு முடிவெடுத்தது. ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பொருளைக் கையால் தொடும் முன்பே அயல்மொழியை நீட்டினால் பிள்ளை சொல்லை மனப்பாடம் செய்கிறது, பொருளைப் பார்ப்பதில்லை. என் வருத்தம் அதுதான்.

ஆகவே முதல் வகுப்பில் ஆங்கிலமே பேசாதே. ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், இரண்டு கூழாங்கற்கள், ஒரு நீளமான மரக்கோல் போதும். ஒரு பிள்ளை நீருக்குள் கல்லோடு கல்லைத் தட்டட்டும். மற்றவர்கள் கோலை வைத்தும் எடுத்தும் கேட்கட்டும். ஜப்பான் பிள்ளைகள் தங்களுக்குள் ஜப்பானியத்திலும் நம் பிள்ளைகள் தமிழிலும் சண்டை போட்டு ஒரு காரணத்துக்கு வரட்டும், அதைப் படமாக வரையட்டும். மறுநாள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் விளக்கட்டும். இலக்கணப் பிழையைத் திருத்த நடுவில் புகாதே. சொல்ல ஒன்று கையில் இருந்தால் உடைந்த ஆங்கிலமும் வந்துவிடும்.

கூழாங்கல்லுக்குப் பதில் இரும்பு ஆணிகளைத் தட்டினால் ஒலி மாறுகிறதா என்று நீயே முதலில் பார்த்து எனக்கு எழுது. அடுத்துத் திருகோணமலைக்குப் போகிறேன், வாரக்கடைசி வரை அங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
மாலதி