வீடு மதரஸாவாகும்போது

நம் ஊர்களில் பெரிய வீடுகள் பல ஆளின்றிப் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் தங்கிவிட, முதியோர் இறையடி சேர்ந்தபின் அவ்வீடுகளை மார்க்கக் கல்விக்கென வக்ஃபு செய்யும் நல்லுள்ளங்கள் உண்டு. போற்றத்தக்க அறம் இது. ஆயினும் பத்திரம் எழுதிய மாத்திரத்தில் வீடு மதரஸா ஆகிவிடுவதில்லை. இடையே ஒரு வினா நிற்கிறது: இக்கட்டடம் இனி எந்த வகையைச் சேர்ந்தது?

எங்கள் ஜமாஅத்திற்கும் அத்தகைய மாடிவீடு ஒன்று கிடைத்தது. கீழே வகுப்புகள், நடுக்கூடத்தில் தொழுகை, மாடியில் நாற்பது மாணவர் தங்கும் விடுதி, அதன் ஓரத்தில் நூலகம் என்று நிர்வாகக் குழு திட்டமிட்டது. வெள்ளையடித்து, ஒளூச் செய்யுமிடமும் கழிப்பறைகளும் கட்டினால் போதும் என்பது பெரியவர்களின் கணக்கு. பார்வையிட வந்த பொறியாளரோ சுவரைத் தொட்டுப் பார்க்குமுன், "எத்தனை பேர் ஓதுவார்கள், எத்தனை பேர் தொழுவார்கள், இரவில் எத்தனை பேர் உறங்குவார்கள், ஹஜ்ரத்?" என்று என்னிடம் கேட்டார்.

2016ஆம் ஆண்டின் இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கட்டடங்களை ஒன்பது பெரும் பிரிவுகளாக வகுக்கிறது. உரிமையாளர் யார், வாசற்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பவை அதற்குப் பொருட்டல்ல. உள்ளே மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே அளவுகோல். ஒரு குடும்பம் வாழ்ந்தால் அது குடியிருப்பு. ஒரே குடும்பத்தைச் சேராத பலர் ஒரே நிர்வாகத்தின் கீழ்ச் சேர்ந்து உறங்கினால், அதுவும் குடியிருப்பே. ஆனால் விடுதி எனும் தனி உட்பிரிவு. 20 மாணவருக்குக் குறையாமல் கூடிக் கற்றால் கல்விக் கட்டடம். 50 பேருக்குக் குறையாமல் வழிபாட்டிற்குத் திரண்டால் மக்கள் கூடும் கட்டடம். ஆக, எங்கள் ஒரே வீட்டிற்கு மூன்று பெயர்கள் பொருந்தின.

பெயர் மாறினால் சுமை மாறுகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்குமாறு கட்டப்படுகிறது. வகுப்பறைக்கு 300, நிலையான இருக்கைகளற்ற கூடத்திற்கு 500, நூல் அடுக்குகள் நிறைந்த அறைக்கு 600 கிலோ. மாடியில் நூலகம் வைக்க எண்ணியிருந்த எங்களுக்கு இக்கணக்கே போதுமானதாயிற்று. படிக்கட்டும் அப்படியே. வீட்டிற்கு 1 மீட்டர் அகலம் போதும். கல்விக் கட்டடத்திற்கு 1.5 மீட்டர் வேண்டும். குடும்பத்தார் இருளிலும் தம் வீட்டின் வாசலை அறிவர். நேற்று வந்து சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் அறியமாட்டான்.

குழுவில் மூத்தவர் ஒருவர், "வீட்டிலும் பிள்ளைகள் உறங்கத்தானே செய்கிறார்கள்? காகிதத்தில் வீடென்றே இருக்கட்டும். வக்ஃபுப் பணத்தை வீணாக்கலாமா?" என்று வருந்தினார். அவருடைய கவலை நேர்மையானது. ஆனால் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, கட்டடத்தின் பயன்பாட்டைப் பெரிதும் மாற்றுவதையே அனுமதி பெறவேண்டிய செயலாகக் கருதுகிறது. மேலும், பயன்பாட்டைப் பொறுத்துச் சட்டம் வேறுபடுவது நமக்குப் புதியதா? வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய அறை அதனாலேயே பள்ளிவாசல் ஆகிவிடாது. பள்ளிவாசலுக்குரிய சட்டங்களும் அதற்கு வரமாட்டா. உறங்குமுன் விளக்கை அணைக்குமாறும், தடுப்பற்ற மொட்டைமாடியில் உறங்கலாகாதென்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். உறங்குபவனின் பாதுகாப்பு மார்க்கம் கவனித்த விஷயம் என்று குழுவினரிடம் எடுத்துரைத்தேன்.

பின்னர், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்ததை நினைவூட்டினேன். ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள். கீழே சத்துணவுச் சமையல். மேலே கீற்றுக் கூரையின் கீழ் வகுப்புகள். இறங்கக் குறுகிய வழி. சமையலறைத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்த கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி மாண்டனர். நோயாளிகள் தங்கும் விடுதி என்று அழைக்கப்பட்ட அந்த இடம் உண்மையில் எரியக் காத்திருந்த ஒரு கொட்டகைதான்.

கூட்டத்தில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர் முத்தவல்லி ஸாஹிபே, "திறப்பு விழாவைத் தள்ளிவைப்போம்" என்றார். நூலகம் கீழே வந்தது. மாடிப்படியை ஒட்டியிருந்த சமையற்கட்டு கொல்லைப்புறத்திற்குச் சென்றது. வெளிச்சுவரையொட்டி 1.5 மீட்டர் அகலத்தில் இரண்டாவது படிக்கட்டு எழுந்தது. வாயிற்கதவுகள் வெளிப்புறமாகத் திறக்குமாறு மாற்றப்பட்டன. விடுதி மாணவர் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. மறுக்கப்பட்ட பிள்ளைகளின் தந்தையரிடம் காரணம் கூறுவது எளிதாக இல்லை. செலவு கூடியது, பணிகள் முடியும்வரை பள்ளிவாசல் தாழ்வாரத்தில்தான் பாடம் நடத்தினேன்.

வீட்டை மதரஸாவாகவோ திருமணக் கூடமாகவோ மாற்ற எண்ணும் ஜமாஅத்தினருக்கு என் வேண்டுகோள் இதுவே: வண்ணத்தைத் தேர்வதற்குமுன் பொறியாளரை அழையுங்கள். ஓதுவோர், தொழுவோர், உறங்குவோர் எண்ணிக்கையை மறைக்காமல் கூறுங்கள். பெற்றோர் தம் பிள்ளைகளை அமானிதமாகவே நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். அவ்வமானிதத்தைப் பேணும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.